பெட்டிக்குள் ஐந்து டோநட்

ஆறு டோநட் வைத்த பெட்டியோடு வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். நிறுத்தத்திலேயே நின்று ஒன்றைச் சாப்பிடுவேன். மீதி ஐந்தை எடுத்துக்கொண்டு நூம்பலுக்கு நடப்பேன். போன வருடம் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிச் செய்தேன். பசிக்காகச் சாப்பிட்டதில்லை. ஆறு என்பது ரெட்டைப்படை. என் மாமியார் வீட்டுக்குள் தின்பண்டம் ரெட்டைப்படையாகப் போகக் கூடாது. நான் வாங்கும் கடையில் ஆறாகத்தான் பெட்டி போடுகிறார்கள். அதனால் ஒன்று வழியிலேயே தீர்ந்தாக வேண்டும்.

அந்த ஞாயிறுகளில் என் மனைவியும் மகளும் நூம்பலில் மாமியாரோடு இருந்தார்கள். நான் அம்பத்தூரில் ஒரு மாடி அறையில் இருந்தேன். அவள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"பொண்ணு இந்த வருசம் ஃபுல்லா ஒரே ஸ்கூல்ல படிக்கட்டும். முழுப் பரிச்ச முடியற வரைக்கும் நீ ஒரே கம்பெனில இருந்து காட்டு. இருந்துட்டேன்னா நாங்க திரும்பி வர்றோம். இல்லன்னா வர மாட்டோம். அவ்ளோதான்."

ஜூனில் பள்ளி திறந்தபோது சொன்னாள். ஏப்ரல் வரை பத்து மாதம். எங்கள் வீடு திரும்பவும் ஒன்றாவது அந்தப் பத்து மாதத்தைப் பொறுத்திருந்தது. மற்றவர்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியாது. நான் என் வாழ்க்கையில் எந்த வேலையிலும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை.

டோநட் என்ற சொல்லை முதலில் கேட்டது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையில். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலைந்து ஊர் சுற்றி, ஏழெட்டு வேலை பார்த்துவிட்டு இருபத்தாறாவது வயதில் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். பட்டறையில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் என்ன சொன்னாலும் பாதிதான் காதில் விழும். மீதியை நாமே இரும்பு வேலைச் சொல்லாக ஊகித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் மேஸ்திரி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், ஓனர் ஊட்ல இன்னாவோ பங்சனாம். டோநட்டு ஒரு டஜன் வாங்கினு முகப்பேர் ஊட்டுக்கே வரச் சொன்னாரு."

"இன்னா சைஸ் மேஸ்திரி?"

"சைஸ்லாம் சொல்லல. கலர் கலரா பாத்து வாங்கினு வரணுமாம்."

நான் கேட்டதிலும் அவர் சொன்னதிலும் எங்கள் இருவருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. நட்டு என்றால் நட்டுதான். விசேஷ வீட்டில் ஏதோ தண்ணீர்த் தொட்டியோ கட்டிலோ கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். எஸ்டேட் மெயின் ரோட்டில் போல்ட்டு, நட்டு, வாஷர் விற்கும் கடைக்குப் போனேன். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். பில் போடும் பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இன்னா வோணும்?"

"டோ நட்டு ஒரு டஜன்."

"டோம் நட்டா?"

"அதான்."

"சைஸ் எம் எட்டா, எம் பத்தா?"

"அதெல்லாம் சொல்லல. கலர் கலரா வோணுமாம்."

இப்போது தலையைத் தூக்கினாள். "நட்டுல இன்னாய்யா கலர் கலரு. ஜிங்க் பூசுனதுல மஞ்சள் கீது, வெள்ளை கீது. ஆறு ஆறா போடட்டா?"

"போடு."

டோம் நட்டு என்பது ஒரு பக்கம் மூடியிருக்கும் நட்டு. சின்னக் குல்லாய் போல இருக்கும். போல்ட்டு முனை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். பன்னிரண்டையும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு முகப்பேருக்குப் பஸ் ஏறினேன்.

முதலாளி வீட்டில் பலூன் கட்டியிருந்தது. இரண்டாவது மகளுக்குப் பிறந்தநாள். கூடத்தில் பத்துப் பதினைந்து குழந்தைகள். முதலாளியின் மனைவி பொட்டலத்தை வாங்கி, "என்னப்பா இவ்வளவு கனமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கேக்குக்குப் பக்கத்தில் இருந்த தட்டில் கொட்டினார். பன்னிரண்டு நட்டும் தட்டில் சத்தமாக விழுந்து உருண்டன. ஒரு குழந்தை மஞ்சள் நட்டு ஒன்றை எடுத்து விரல் நுனியில் மாட்டிப் பார்த்தது. அது நன்றாகப் பொருந்தவே, அடுத்த விரலுக்கு இன்னொன்று கேட்டது.

முதலாளி ஒரு நட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படிடா திங்கிறது?" என்றார்.

நல்ல மனிதர். திட்டவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொல்லி, இரண்டு தெரு தள்ளி இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கவைத்து விரலால் காட்டினார். "இதான் டோநட். நல்லாப் பார்த்துக்கோ. இன்னொரு தடவை இரும்புக் கடைக்குப் போகாதே."

"வடை சார்," என்றேன்.

"வடைதான். சர்க்கரை வடைன்னு வெச்சுக்கோ."

பன்னிரண்டு கட்டச் சொல்லிவிட்டு, தனியாக ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தார். அதுதான் நான் சாப்பிட்ட முதல் டோநட். பொடி செய்யாத சர்க்கரை, பல்லில் நறநறவென்று கடிபட்டது. உள்ளே பன் மாதிரி, ஆனால் பன்னைவிட ஈரம். எண்ணெய் கொஞ்சம் பழசு. பிறகு எத்தனையோ விதமாகச் சாப்பிட்டுவிட்டேன், நானே செய்தும் இருக்கிறேன். பிடித்தது எது என்று யாராவது கேட்டால் இன்றும் அந்தச் சர்க்கரை போட்டதைத்தான் சொல்வேன். அதில் பெரிய ருசி எதுவும் இல்லை. அன்றைக்கு ஒருவர் கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"இன்னாத்துக்கு ரிட்டன்? சைஸ் பத்தலயா?" என்றாள் பில் போடும் பெண்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டென்று பொய் வராது. நடந்ததைச் சொன்னேன். அவள் பில் புத்தகத்தின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கடைக்காரர் எட்டிப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"துன்றதுக்கா வாங்கினு போன? பர்த்டே ஊட்டுக்கா?"

"ஆமா."

"அப்போ அது எப்பிடித்தான்யா இருக்கும்?"

"வடை மாதிரி. மேல சக்கரை."

"எனக்கு ஒண்ணு வாங்கினு வா. நானும் பாத்ததில்ல."

"இன்னா சைஸ்?" என்று கேட்டேன்.

"எம் பத்து," என்றாள்.

இப்படித்தான் பழக்கமானோம். அவள் நூம்பல்காரி. அப்பா இல்லை. அம்மா பூந்தமல்லி பக்கம் ஒரு பள்ளியில் ஆயா வேலை. கத்தோலிக்கக் குடும்பம். எனக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கிறது, போவதில்லை. பேச ஆள் இல்லாததால், பெண் கேட்க நானே தனியாகப் போனேன். வெறும் கையோடு போக முடியாது. பழமும் பூவும் வாங்கினால் ஊரில் எல்லோரும் செய்வது மாதிரி இருக்கும், அவளுக்குப் பிடித்ததை வாங்குவோம் என்று முகப்பேர் பேக்கரியில் டோநட் வாங்கினேன். ஆறு.

வாசலிலேயே அவள் அம்மா பெட்டியை வாங்கித் திறந்து எண்ணினார்.

"ஆறா கீதே. நல்ல விசயத்துக்கு எவனா ரெட்டப்படையா எட்தாருவானா?"

"தெரிலம்மா."

"உள்ள வராத. ஒண்ண வாசல்லயே துன்னுட்டு வா."

நான் அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. பெட்டியை நீட்டிக்கொண்டே நின்றார். செருப்பைக் கழற்றிய காலோடு தெருவில் நின்று ஒரு டோநட் முழுவதையும் சாப்பிட்டேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கோலத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். சர்க்கரை சட்டையெல்லாம் சிந்தியது. பெண் கேட்க வந்த மாப்பிள்ளை தெருவில் நின்று தின்றதை நூம்பலில் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் பேசினார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது தெரிந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகு, "சர்ச்சுக்குப் போறவங்க இதெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"மாதாவுக்கும் இதுக்கும் இன்னா கீது? எண்ணிக்கை எண்ணிக்கைதான். வா உள்ள. தண்ணி துன்றியா?"

"தண்ணிய குடிப்பாங்கம்மா," என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நீ வாய மூடு."

கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. எனக்குச் சாமி விஷயத்தில் பிடிவாதம் எதுவும் இல்லை. அதற்கு முன்னால் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞானஉபதேச வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கடைசி வகுப்புக்கு நான் போகவில்லை. பங்குச்சாமியார் கண்டுகொள்ளாமல் விட்டார். மனைவி கண்டுகொண்டாள். "கடைசி ஒண்ணுல இன்னாய்யா வந்துது உனக்கு?" என்றாள். அப்போதே அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு செய்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. கூரியர், பெட்ரோல் பங்க், ஆவடியில் ஒரு லாட்ஜ், முகப்பேர் ஃபிளாட் ஒன்றில் வாட்ச்மேன், சாப்பாடு டெலிவரி, தண்ணீர் கேன் வண்டி. எங்கும் யாரும் என்னைத் துரத்தவில்லை. திருடியதில்லை, குடித்துவிட்டுப் போனதில்லை. நாலு மாதம், ஆறு மாதம் ஆனதும் ஒருநாள் காலையில் அந்த வாசலை மறுபடி பார்க்க முடியாமல் போய்விடும். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவேன். பிறகு வேறு வேலை, அதற்குப் பக்கத்தில் வேறு வீடு. பதினோரு வருடத்தில் எட்டு வீடு மாறினோம். மனைவி ஒவ்வொரு வீட்டுக்கும் போனதும் அங்கே பக்கத்தில் மருந்துக் கடையிலோ துணிக் கடையிலோ பில் போடும் வேலை தேடிக்கொள்வாள். அவளுக்குக் கிடைத்துவிடும். கூட்டல் சரியாக இருக்கும், நேரத்துக்குப் போவாள். கிடைத்த வேலையை அவள் எட்டு முறையும் எனக்காகத்தான் விட்டாள்.

அத்தனை வேலைகளில் எனக்கு உண்மையாகவே பிடித்தது டோநட் யூனிட். அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே, பழைய ஷெட் ஒன்றில் வெள்ளை டைல்ஸ் ஒட்டி நடத்தினார்கள். மால்களுக்கும் ஐடி கம்பெனிகளுக்கும் அங்கிருந்து வண்டி போகும். மாவு பிசைய மெஷின் இருந்தது. பரப்பி வளையமாக வெட்டுவதும் பொரிப்பதும் கையால்தான். வெட்டிய வளையங்களைச் சூடும் ஈரமும் உள்ள அலமாரியில் முக்கால் மணி நேரம் வைத்தால் உப்பி மேலே வரும். விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். பள்ளம் மெதுவாக நிமிர்ந்தால் தயார். உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நிமிரவே இல்லையென்றால் தாமதித்துவிட்டோம். எண்ணெயில் போட்டு, இரண்டு குச்சியால் ஒருமுறை மட்டும் திருப்ப வேண்டும். சரியாக வந்த டோநட்டுக்கு இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்தக் கோடு இல்லாவிட்டால் சூப்பர்வைசர் தள்ளிவிடுவார். கோணலாகப் போனவை எங்களுக்கு.

நடுவில் வெட்டி எடுத்த உருண்டைகளைச் சேர்த்து மறுபடி பிசைந்து ஒரே ஒரு தடவை பரப்பலாம். இரண்டாவது தடவை பரப்பினால் மாவு விறைத்துப்போகும், எவ்வளவு நேரம் வைத்தாலும் உப்பாது. நான் ஒருமுறை தெரியாமல் செய்துவிட்டேன். ஒரு தட்டு முழுவதும் பிஸ்கட் போல வந்தது. கூட வேலை பார்த்த ஆவடிக்காரன் ஒன்றைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மாமே, இத லாரி டயருக்கு முட்டுக் குடுக்கலாம்."

"உங்க ஊட்டுக்கு எட்துனு போ. மாமியாருக்குக் குடு," என்றேன்.

"அவங்களுக்குப் பல்லே இல்ல மாமே. ரொம்ப நாளு வெச்சி சப்புவாங்க."

அந்த ஏழு மாதம் வீட்டில் சண்டையே இல்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. நான் வந்ததும் என் முழங்கையை மோந்து பார்த்து இன்றைக்குச் சாக்லேட்டா வெண்ணிலாவா என்று சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். கோணலானவற்றில் மூன்றை எடுத்துவருவேன். அவளுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மூன்றாவதை நான் சாப்பிட மாட்டேன், பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும். அதையும் மனைவியே சாப்பிடுவாள். அதில் சாக்லேட் ஊற்றியிருந்தால் முதலில் மேலே உள்ளதை மட்டும் உரித்துத் தின்பாள். அவளுக்குப் பிடித்த டோநட் அதுதான்.

ஏழாவது மாதம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை நான் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஆவடி வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் முழங்கையை மோந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்ல," என்றாள். மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வடிக்கத் தொடங்கினாள்.

இப்படியே இன்னும் ஆறு வருடம் போனது. மகள் மூன்று பள்ளிக்கூடம் மாறினாள். மூன்றாவது பள்ளியில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அந்த வீட்டையும் காலி செய்கிறோம் என்று சொன்னபோது அவள் அழவில்லை. தன் புத்தகங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் தானே அடுக்கத் தொடங்கினாள். பத்து வயதுப் பெண் யாரும் சொல்லாமலே வீட்டைக் காலி செய்யத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பதைப் பார்த்துத்தான் மனைவி நூம்பலுக்குப் போக முடிவெடுத்தாள். அதை அவளே பிறகு சொன்னாள்.

அவர்கள் போனதும் எனக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் அடித்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி, எண்ணிக் கட்டி அனுப்புவார்கள். எனக்குக் கட்டும் பிரிவு. நிரந்தரம் ஆகும் வேலை. ஞாயிறு லீவு. பெட்டியோடு அம்பத்தூரில் பஸ் ஏறி, வானகரத்தில் மாறி, வேலப்பன்சாவடியில் இறங்குவேன். வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும். மாமியார் சர்ச் பூசைக்குப் போய்வந்த புடவையோடு அடுப்பில் நிற்பார். பெட்டியை வாங்கி எண்ணுவார். ஐந்து இருக்கும்.

"வா மாப்ளே. வேலையிலதான கீற?"

"கீறேன் அத்தே."

"இன்னும் எத்தினி மாசம்?"

மகள் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து எண்ணிச் சொல்வாள். மனைவி எதுவும் கேட்க மாட்டாள். கேட்காமலே கவனித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், அம்பத்தூரில் ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் பேச்சை மாற்றினாள்.

பதினாறாவது வாரம், வியாழக்கிழமை, காலை டீ இடைவேளை. கேட்டுக்கு வெளியே டீக்கடை. டீ குடித்தேன். மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நான் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். யார் மீதும் கோபம் இல்லை. வேலை கஷ்டமும் இல்லை. போக வேண்டும் என்று காலுக்குச் சொன்னேன். மகளின் காலண்டரும் நினைவுக்கு வந்தது. அப்படியும் போகவில்லை. கடைக்காரர் டம்ளரைக் கேட்டு வாங்கிக் கழுவி வைத்தார். வெள்ளி போகவில்லை. சனி போகவில்லை.

ஞாயிறு வழக்கம்போல் பெட்டி வாங்கினேன். வேலப்பன்சாவடியில் ஒன்றைத் தின்றேன். மாவு நன்றாகத்தான் இருந்தது, வெள்ளைக் கோடு சரியாக விழுந்திருந்தது. சொல்லாமல் இருந்தால் ஏப்ரல் வரை தள்ளலாம், அதற்குள் வேறு வேலை பிடித்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.

மாமியார் பெட்டியை எண்ணினார். "வேலையிலதான கீற?" என்று கேட்டார். நான் செருப்பைக் கழற்றுவது போல் குனிந்துகொண்டேன். அடுப்பில் ஏதோ பொங்கியது, அவர் உள்ளே போய்விட்டார்.

மனைவி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாக்லேட் டோநட் ஒன்றைக் காகிதத்தில் வைத்து அவளிடம் நீட்டினேன். அவள் டோநட்டைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"கைய காட்டு."

காட்டினேன். அவள் ஈரக் கையால் என் விரல்களைப் பிடித்துத் திருப்பி நகக்கண்ணைப் பார்த்தாள். இரும்புக் கடையில் எட்டு வருடம் இருந்தவள். எண்ணெயில் வேலை செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நக ஓரத்தில் கறுப்பு இருக்கும். மூன்று நாள் தொடாமல் இருந்தால்தான் வெளுக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

"எப்போ?"

"வியாழக்கிழம."

"சண்டையா?"

"இல்ல."

"எவனா எதுனா சொன்னானா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாய்யா?"

"தெரில."

அவள் விரல்களை விட்டாள். "எவனோ அடிச்சிட்டான்னு சொல்லியிருக்கலாம். நானும் அம்மாக்கு அதயே சொல்லியிருப்பேன். ஒரு பொய் கூட உருப்படியா வரல உனக்கு."

உள்ளேயிருந்து மாமியார், "இன்னாடி பேச்சு அங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. உன் மாப்ள இனிமே திங்கக்கெழமையும் ஃப்ரீயாம்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

மனைவி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். என் பக்கம் திரும்பாமல் பேசினாள். "நாங்க வரல. இங்கயேதான் இருப்போம். நீ இங்க வந்து தங்கறேன்னும் சொல்லாத. வருவ, நாலு மாசத்துல போயிடுவ. அத பாத்துனு இருக்க எனக்குத் தெம்பு இல்ல. பொண்ணுக்கும் வோணாம்."

"சரி."

"சரியா? வேற எதுவும் சொல்ல மாட்டியா?"

இனிமேல் அப்படி நடக்காது என்று சொல்லலாம். ஏழு தடவை சொல்லியிருக்கிறேன். எட்டாவது தடவை வாய் வரவில்லை. "இருந்துடலாம்னுதான் பாத்தேன்," என்றேன். அது உண்மை.

"தெரியும்," என்றாள்.

அப்போது மகள் டோநட்டோடு பின்பக்கம் வந்தாள். நடந்தது எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை. உதட்டைச் சுற்றி வெள்ளைக் கிரீம். "ப்பா, அடுத்த வாரம் வெள்ள வோணாம். எல்லாம் சாக்லேட்டா வாங்கினு வா."

நான் மனைவியைப் பார்த்தேன். வரச்சொல்வாளா மாட்டாளா என்பது எனக்கு அந்த நிமிடம் தெரியாது. அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாங்கினு வருவாரு," என்று மகளிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "வேலைய உட்டாலும் உடு. ஞாயித்துக்கெழமைய உடாத. சாப்ட்டுட்டு போ," என்றாள்.

அன்று கறிக்குழம்பு சாப்பிட்டேன். மாமியார் எப்போதும் போல் இரண்டாவது தடவை கேட்டுப் போட்டார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அதே பள்ளியில் ஆறாவது போகிறாள். நான் இப்போது மினி லோடு வண்டியில் பிளைவுட் ஏற்றி இறக்குகிறேன். இதற்கு முன்னால் இரண்டு மாதம் வேறொன்று. மேல்மாடி அறை அதேதான், அதை மட்டும் மாற்றவில்லை. கூட வர யாரும் இல்லாததால் மாற்ற அலுப்பாக இருக்கிறது.

ஞாயிறுகளில் இரண்டு தவறின. ஒன்று காய்ச்சல், போனில் சொன்னேன். மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. பெட்டி வாங்கிவிட்டேன், வானகரம் வரை போய்விட்டேன். அங்கே பஸ் மாறவில்லை. கூட்டமும் இல்லை, மழையும் இல்லை. ஆறையும் நிறுத்தத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு சோறு மட்டும் போட்டாள். மாமியார், "ஒடம்பு எதுனா சரியில்லயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நகர்ந்தார். எனக்கு ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போன வாரம் ஏம்ப்பா வரல?"

"தெரிலம்மா."

அவள் என்னையே பார்த்தாள். அவள் அம்மா பில் சரிபார்க்கும்போது பார்ப்பதுபோல.

"தெரிஞ்சிகினு வா," என்றாள்.

அதன் பிறகு ஒன்பது வாரம் போயிருக்கிறேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்றைக்கு ஏன் போகவில்லை என்று நானே கேட்டுக்கொள்கிறேன். வானகரம் வரும்போது, இறங்கி மாறுவதற்கு எழுந்து கதவுப் பக்கம் போய் முதல் ஆளாக நின்றுகொள்கிறேன்.